குதிரைக்கு ஹார்ட் ரேட் மானிட்டர் வாங்கியாச்சு, எந்த எண்ணை நம்புவது?

வெள்ளைமூக்கு
எல்லோருக்கும் வணக்கம். என் பெண்குதிரைக்கு ஒன்பது வயது. அடுத்த பருவத்தில் 40 கிலோமீட்டர் எண்டூரன்ஸ் (நெடுந்தூரத் தாக்குப்பிடிப்பு) சவாரிக்கு அவளைக் கூட்டிப்போக ஆசை. அதற்காகவே மானிட்டர் வாங்கிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணிக்கட்டு வாட்ச்சில் எண்கள் வருகின்றன, அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.

சேணம் போடும்போதே நிமிடத்துக்கு 52 துடிப்பு காட்டுகிறது. நடையில் 70, 75. ட்ராட்டில், அதாவது துள்ளு நடையில், 130 பக்கம். மேட்டில் அதைவிட வேகமான கேன்டர் விட்டால் 165 வரை போகிறது. ஆனால் சில நாள் சும்மா நடந்துகொண்டிருக்கும்போதே 238 என்று காட்டி வயிற்றைக் கலக்குகிறது. அவள் பாட்டுக்குக் காதை ஆட்டிக்கொண்டு போகிறாள்.

220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு வரும் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் 211. அதை வைத்துச் சதவீதம் போட்டுப் பயிற்சி கொடுக்கலாமா?

எண்பித்தன்
அந்தக் கழித்தல் கணக்கு மனிதர்களுக்கானது. உங்கள் குதிரைக்கு ஒன்பது வயதாக இருப்பதால் விடை ஏதோ நம்பும்படி வந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு ஓய்வில் 70, முட்டி மோதி ஓடினால் 190. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் 28 முதல் 44 வரை, உச்சம் 220 முதல் 240 வரை. ஆறேழு மடங்கு! வயதான குதிரைகளுக்கு உச்சம் இறங்கும், ஆனால் வருடத்துக்கு ஒன்று என்று வாய்ப்பாடு போல இறங்காது. பயிற்சியாலும் உச்சம் ஏறாது. மாறுவது எதுவென்றால், அதே துடிப்பில் குதிரை ஓடுகிற வேகம்.

238 விஷயம்: அது இதயம் இல்லை, துடிப்பை உணரத் தோலில் படும் மின்முனை. இதயம் ஏறும்போது படிப்படியாக ஏறும். 72-இலிருந்து ஒரே நொடியில் 238-க்குத் தாவி, இரண்டு நொடியில் 74-க்குத் திரும்பினால் கருவிதான் உளறுகிறது.

நெடுஞ்சவாரி
மின்முனைக்கு நான் சொல்கிறேன், இதில் நிறைய அடிபட்டிருக்கிறேன். ஒன்று இடப்பக்கம் சேணத்துக்கு அடியில், தோள்மேட்டுக்குச் சற்றுக் கீழே. இன்னொன்று இடது முழங்கைக்குப் பின்னால், வயிற்றுப்பட்டைக்கு உள்ளே. ரோமத்தை வெறுமனே மேலாக நனைத்தால் போதாது, தோல் வரைக்கும் ஈரம் இறங்க வேண்டும். பஞ்சில் தண்ணீர் எடுத்து ரோமத்தின் எதிர்த்திசையில் தேய்த்து, பிறகு வாகான திசையில் படியவிட்டு, மேலே ஜெல் போடுங்கள். முதல் பத்து நிமிடம் கிறுக்குத்தனமாகக் காட்டிவிட்டு வியர்வை வந்ததும் ஒழுங்காகக் காட்டினால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். ட்ராட்டில் மட்டும் குதித்தால் பட்டை தளர்ந்திருக்கிறது.

கால்நடை_டாக்டர்
இன்னொரு காரணமும் உண்டு. குதிரையின் இசிஜியில் (இதயத்தின் மின்பதிவில்) ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை பெரிதாக எழும், அதன் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும். சில கருவிகள் அதையும் ஒரு துடிப்பாக எண்ணி இரட்டிப்பாகக் காட்டிவிடும். சோதிப்பது எளிது. குதிரையை நிற்கவைத்து, இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. காதில் 36, கருவியில் 72 என்றால் விடை கிடைத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப் இல்லாவிட்டால் கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் தமனியை விரலால் அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலால் வேண்டாம், உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள்.

சேணம் போடும்போது வரும் 52 ஓய்வுத் துடிப்பு அல்ல, எதிர்பார்ப்பு. காலையில் தீனிக்கு முன், யாரும் தொந்தரவு செய்யாதபோது எடுப்பதுதான் ஓய்வுத் துடிப்பு. ஒரு வாரம் தொடர்ந்து எடுத்துக் குறித்துவையுங்கள். பயிற்சியால் அது பெரிதாகக் குறையாது, மனித ஓட்டக்காரர்களைப் போலக் குறையும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ஒரு நாள் காலையில் வழக்கத்தைவிட எட்டுப் பத்து கூடியிருந்தால் அன்று சேணத்தைத் தொடாமல் முதலில் தெர்மாமீட்டரை எடுங்கள்.

லாயத்துக்காரர்
நான் கொஞ்சம் குறுக்கே பேசுறேன், கோச்சுக்காதீங்க. இந்த வாட்ச் கட்டினவங்க எல்லாம் குதிரையைப் பார்க்கிறதே இல்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறாங்க. மூக்குத்துவாரம் எவ்வளவு விரியுது, விலா எப்படி அடிக்குது, இறங்கினதும் தலையைத் தொங்கப்போடுதா, தண்ணியைத் தேடுதா... இதைப் பார்த்தே எங்க பெரியவங்க குதிரையைத் தயார் பண்ணினாங்க. மூச்சு அடங்கிட்டா குதிரை அடங்கிட்டுதுன்னு அர்த்தம்.

கால்நடை_டாக்டர்
குதிரையைப் பார்க்கச் சொல்வது நூற்றுக்கு நூறு சரி ஐயா. மூச்சை மட்டும் வைத்து முடிவு செய்வதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை, இரண்டு காரணங்களால்.

முதலாவது, கேன்டரிலும் முழுவேகக் கேலப்பிலும் மூச்சு குதிரையின் கையில் இல்லை. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று காலோடு பூட்டிக்கொள்ளும். முன்கால் ஊன்றும்போது வெளியே, உடல் எழும்பும்போது உள்ளே. ஆகவே மூச்சின் எண்ணிக்கை வேகத்தைச் சொல்லும், களைப்பைச் சொல்லாது.

இரண்டாவது, வேலை முடிந்த பிறகு மூச்சுக்கு வேறொரு வேலை இருக்கிறது: சூட்டை வெளியேற்றுவது. வெக்கையும் ஈரப்பதமும் உள்ள நாளில் இதயம் 60-க்கு இறங்கிய பிறகும் குதிரை நிமிடத்துக்கு நூறு மூச்சு விட்டுக்கொண்டு நிற்கலாம். மூச்சு துடிப்பைவிட அதிகமாகிவிடும். பார்ப்பவர் பதறுவார், ஆனால் குதிரை தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அதுபோல மூச்சு அடங்கியும் துடிப்பு 76-இல் ஒட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு. எனக்குப் பயம் தருவது இந்த இரண்டாவது குதிரைதான். நீரிழப்போ, உப்புச்சத்துக் குறைவோ, எங்கோ வலியோ இருக்கும்.

லாயத்துக்காரர்
சரி டாக்டர், அந்த 76 பாயின்ட்டை ஏத்துக்கிறேன்.

குட்டிப்பாய்ச்சல்
நடுவில் ஒரு சந்தேகம். என் குதிரைக்கு ஓய்வில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் நாலைந்து துடிப்புக்கு ஒருமுறை ஒரு துடிப்பு விட்டுப்போகிறது. தூக்கமே வரவில்லை.

கால்நடை_டாக்டர்
நன்றாகத் தூங்குங்கள், ஆனால் ஒரு சோதனை செய்துவிட்டு. விடுபடுவது ஒழுங்காக விடுபடுகிறதா என்று கேளுங்கள். டக், டக், டக், வெற்றிடம், மறுபடி டக், டக், டக். அப்படியென்றால் பெரும்பாலும் இரண்டாம் நிலை ஏ.வி. பிளாக், அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்சைகை இடையிடையே தடைபடுவது. குதிரைகளில், அதுவும் நல்ல உடற்தகுதி உள்ளவற்றில், மிகச் சாதாரணம். ஓய்வில் வேகஸ் நரம்பு இதயத்தை இழுத்துப் பிடிப்பதால் வருவது. பத்தடி ட்ராட் விட்டாலே, ஏன், தீனி வாளிச் சத்தம் கேட்டாலே மறைந்துவிடும்.

மாறாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒன்று சீக்கிரம், ஒன்று தாமதம் என்று கண்டபடி அடித்து, வேலையிலும் அப்படியே தொடர்ந்தால், அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது) இருக்கலாம். அந்தக் குதிரைகள் நிற்கும்போது நலமாகத் தெரியும். ஓட்டத்தில்தான் திடீரென்று சக்தி விட்டுப்போகும், துடிப்பும் அந்த வேலைக்கு அநியாயமாக உயரும். அதற்கு இசிஜி எடுத்தே ஆக வேண்டும், அதுவரை சவாரி கூடாது. மானிட்டரின் சராசரி எண் இதைக் காட்டிக்கொடுக்காது, காதால்தான் பிடிக்க முடியும்.

வெள்ளைமூக்கு
ஜெல் போட்டுப் பட்டையை இறுக்கியதும் 238 பேய் ஓடிவிட்டது. நன்றி நெடுஞ்சவாரி அண்ணா. காலை ஓய்வுத் துடிப்பு 34, 36. இனிப் பயிற்சிக்கு வருவோம். எந்த எண்ணுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்?

எண்பித்தன்
தோராயமாகச் சொன்னால், 120 முதல் 150 வரை ஆக்ஸிஜனை வைத்தே ஓட்டம் நடக்கும். எண்டூரன்ஸ் குதிரையின் பெரும்பாலான நேரம் இங்கேதான். 150 முதல் 180 வரை ஆக்ஸிஜனும் அது இல்லாத வழியும் கலந்த ஓட்டம். அதற்கு மேல் லேக்டேட் (தசை கடுமையாக உழைக்கும்போது உண்டாகும் பொருள்) இரத்தத்தில் வேகமாகச் சேரத் தொடங்கும். லிட்டருக்கு 4 மில்லிமோல் என்பதை ஒரு கோடாக வைப்பார்கள், ஆனால் அந்தக் கோட்டை ஒவ்வொரு குதிரையும் வேறு வேறு துடிப்பில் தாண்டும். 110-க்குக் கீழே இருக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே அந்த அளவுக்கு ஏறும், அங்கே மனநிலையும் வேலையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும்.

பந்தயக் குதிரைகளுக்கு நாங்கள் பார்ப்பது வி200. துடிப்பு 200 ஆகும்போது குதிரையின் வேகம் என்ன என்பதுதான் அது. உங்களுக்கு 200 வரை விரட்டத் தேவையே இல்லை, வி140 அல்லது வி150 போதும். சமமான தடம், அதே தரை. ஜிபிஎஸ் வைத்து மூன்று நான்கு வேகங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று நிமிடம் மாறாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் கடைசி நிமிட எண்ணை மட்டும் எடுங்கள், ஏனென்றால் வேகத்தைக் கூட்டியதும் துடிப்பு முதலில் தேவைக்கு மேலே எகிறி, பிறகுதான் நிலைக்கு வரும். 120-க்கும் 200-க்கும் இடையில் வேகமும் துடிப்பும் ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோடு போட்டு 140-இல் வேகம் என்ன என்று பாருங்கள். மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். அந்த வேகம் கூடினால் உங்கள் குதிரை தேறுகிறது.

பக்கத்து லாயத்துக் குதிரையின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் வெதும்ப வேண்டாம்.

நெடுஞ்சவாரி
என் ஓட்டு மீட்சிக்குத்தான். வேலையில் என்ன உச்சம் தொட்டது என்பதைவிட எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதுதான் எனக்குக் கணக்கு. நிறுத்திய முதல் நிமிடத்திலேயே சரசரவென்று விழ வேண்டும். ட்ராட் வேலைக்குப் பிறகு பத்து நிமிடத்துக்குள் 60 பக்கம் வந்துவிட்டால் அன்றைய வேலை அதற்குத் தாங்கியது. கால் மணி ஆகியும் 70-இல் நின்றால் மறுநாள் கூட்டாதீர்கள், குறையுங்கள். மேட்டு ஓட்டத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பவர்கள் துடிப்பு 100, 110-க்கு வரும்வரை நடத்திவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கிறார்கள். இறங்க எடுக்கும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் நீண்டுகொண்டே போனால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், திட்டத்தில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தாலும் சரி.

சவாரிக்குப் போனால் மருத்துவச் சோதனையில் 64 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் எண்டூரன்ஸ் விதிகளில் இருக்கும் எண்ணும் அதுவே. அங்கே இன்னொரு சோதனையும் வைப்பார்கள், வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். முதலில் துடிப்பை எண்ணுவார்கள். உடனே குதிரையைக் கையில் பிடித்து 40 மீட்டர் ட்ராட், திரும்பி 40 மீட்டர். ட்ராட் ஆரம்பித்ததிலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடி எண்ணுவார்கள். 60 / 60 அல்லது 60 / 56 என்றால் அருமை. 60 / 72 என்றால் 64-க்குள் வந்திருந்தாலும் உள்ளே ஏதோ சரியில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கெர்ரி ரிட்ஜ்வே கொண்டுவந்த முறை, அதனால் ரிட்ஜ்வே ட்ராட் என்றும் சொல்வார்கள்.

லாயத்துக்காரர்
இப்போ என் முறை. எண் நல்லா வருதுன்னு வேகத்தையும் தூரத்தையும் ஏத்துறாங்க பாருங்க, அங்கதான் குதிரை ஒடியுது. இதயமும் ரத்தமும் சீக்கிரம் தயாராயிடும், ரெண்டு மூணு மாசத்துல சிரிக்கும். தசைக்கு அதைவிட நாளாகும். தசைநாரும் எலும்பும் குளம்பும் ஒரு வருஷம் கேக்கும், அதுக்கு மேலயும் கேக்கும். வாட்ச்சுல 125 காட்டுற அன்னைக்கு முன்னங்கால் பின்பக்கத் தசைநார் என்ன சொல்லுதுன்னு அந்த வாட்ச்சுக்குத் தெரியுமா? அதுக்குத் தினமும் கையால கீழ்க்கால் முழுக்கத் தடவிப் பார்க்கணும். சூடு, வீக்கம், அழுத்தினா இழுக்குதா. குதிரைக்கு மனசு பெருசு, கால் மெல்லிசு.

எண்பித்தன்
இந்த ஒரு பதிவை இழையின் தலையில் குத்திவைக்க வேண்டும்.

பெரிய மனசு என்றதும் ஒரு பெரிய இதயம் நினைவுக்கு வருகிறது. ஆஸ்திரேலியர்கள் கொண்டாடிய பந்தயக் குதிரை ஃபார் லாப் 1932-இல் கலிபோர்னியாவில் இறந்தது. அதன் இதயம் 6.2 கிலோ, கான்பெராவில் தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகக் குதிரையின் இதயம் உடல் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான்.

கால்நடை_டாக்டர்
இதயத்தோடு மண்ணீரலையும் கொண்டாடுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரை தன் சிவப்பணுக்களில் பெரும்பங்கை மண்ணீரலில் பூட்டிவைத்திருக்கும். வேலை தொடங்கியதும் மண்ணீரல் சுருங்கி அவற்றை ஓட்டத்தில் இறக்கிவிடும். இரத்தத்தில் சிவப்பணு பங்கு 40 சதவீதம் பக்கத்திலிருந்து 60-க்கு மேல் போகும். உடம்பைச் சூடாக்காமல் எடுத்த எடுப்பில் கேன்டர் விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பத்துப் பதினைந்து நிமிடம் நடையும் மெதுவான ட்ராட்டும் கொடுத்தால் அடுத்த வேலைக்குத் துடிப்பு தேவையில்லாமல் எகிறாது.

வெள்ளைமூக்கு
நீங்கள் சொன்னபடி ஒரே வட்டப்பாதையில், ஒரே வேகத்தில் ட்ராட் விட்டுக் குறித்துவந்தேன். 132-இல் ஆரம்பித்து வாரா வாரம் மெல்ல இறங்கி 124 வரை வந்தது. மகிழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தேன். இந்த வாரம் அதே பாதை, அதே வேகம், 143! இறங்குவதும் இழுக்கிறது, வழக்கமாக ஏழு நிமிடத்தில் 60-க்கு வருபவள் கால் மணி எடுத்துக்கொண்டாள். வெயில் கூட இல்லை. நொண்டவில்லை, தீனி எடுக்கிறாள். காலை ஓய்வுத் துடிப்பு 42. காய்ச்சல் பார்த்தேன், இல்லை.

நெடுஞ்சவாரி
சேணம் மாற்றினீர்களா? விரிப்பு? வேறு யாராவது ஏறினார்களா? முந்தின நாள் நல்ல வேலையா?

வெள்ளைமூக்கு
எதுவும் இல்லை அண்ணா. போன வாரக் கடைசியில் லாடம் மாற்றினோம், அவ்வளவுதான்.

லாயத்துக்காரர்
அம்மா, சவாரி வேண்டாம். குளம்பைப் பாருங்க. நாலையும் கையால தொட்டு எது சூடுன்னு பாருங்க.

கால்நடை_டாக்டர்
ஐயா சொல்வதையே வழிமொழிகிறேன். வெக்கை, நீரிழப்பு, நோய், வலி என்ற நான்கில் முதலாவதும் மூன்றாவதும் இப்போதைக்கு விலகுகின்றன. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு எவ்வளவு சீக்கிரம் படிகிறது என்றும் ஈறு ஈரமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு கெட்டியான தரையில், கையில் பிடித்து, நேராகவும் இரண்டு பக்கமும் சிறு வட்டமாகவும் ட்ராட் விட்டு, தலை ஆடுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கம் விரல் வைத்தால் அங்கேயும் நாடி கிடைக்கும். வழக்கமாகத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் திம் திம் என்று அடித்தால் அந்தக் குளம்புக்குள் பிரச்சினை. உங்கள் மருத்துவரையும் இன்றே கூப்பிடுங்கள்.

வெள்ளைமூக்கு
இடது முன்கால். நேர்க்கோட்டில் ஒன்றும் தெரியவில்லை, இடப்பக்க வட்டத்தில் மட்டும் லேசாகத் தலை தூக்கினாள். குளம்பு நாடி நன்றாகவே அடித்தது. மருத்துவர் வந்து குளம்பு இடுக்கியால் வெளிப்பக்கம் ஒவ்வொரு ஆணியாக அழுத்திக்கொண்டே வந்தார். மூன்றாவது ஆணியில் வெடுக்கென்று காலைப் பிடுங்கிக்கொண்டாள். ஆணி உயிர்ப்பகுதிக்கு மிக நெருக்கமாகப் போயிருக்கிறது, குத்தவில்லை, நெருக்கிக்கொண்டிருக்கிறது. லாடத்தைக் கழற்றி மருந்து வைத்துக் கட்டியிருக்கிறார். நொண்டியிருந்தால்தானே நான் பார்த்திருப்பேன்...

லாயத்துக்காரர்
சீழ் கட்டறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டீங்க, பெரிய விஷயம். அந்த வாட்ச்சை நான் திட்டினதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். பாதிதான்.

குட்டிப்பாய்ச்சல்
வலி இருந்தால் துடிப்பு ஏறும் என்பது புரிகிறது. நொண்டுவதற்கு முன்பே எப்படி?

கால்நடை_டாக்டர்
குதிரை இரை விலங்கு, வலியை முடிந்தவரை மறைக்கும். எடையைக் கொஞ்சம் அடுத்த காலுக்கு மாற்றி நடையைச் சமாளித்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வலி அட்ரினலினைத் தூண்டுவதையோ, சமாளிக்கிற நடை கூடுதல் உழைப்பு கேட்பதையோ அதனால் மறைக்க முடியாது. ஒரே வேலைக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு கூடுவது அப்படித்தான். எல்லா நேரமும் இப்படித் தெளிவாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு நாள் எகிறினால் அது பூச்சிக்கடியாகவும் இருக்கும், மறுநாளும் அப்படியே வந்தால் விடாதீர்கள். வெள்ளைமூக்குக்கு இது பிடிபட்டதற்குக் காரணம் அதே பாதை, அதே வேகம் என்று குறிப்பு வைத்திருந்ததுதான். 143 என்பது தனியாகப் பார்த்தால் ட்ராட்டுக்குச் சாதாரண எண்.

வெள்ளைமூக்கு
மருத்துவர் பத்து நாள் ஓய்வு சொல்லியிருக்கிறார். அதுவரை சேர்த்த உடற்தகுதி எல்லாம் போய்விடுமா?

எண்பித்தன்
போகாது. நம்மைவிடக் குதிரைக்கு அது மெதுவாகத்தான் இறங்கும், சில வாரம் வரை பெரிய நட்டம் வராது. திரும்ப ஆரம்பிக்கும்போது பழைய தூரத்தில் பாதி, பழைய வேகம். அந்த ட்ராட்டில் 124-க்கும் 130-க்கும் இடையில் வந்தால் மெல்லக் கூட்டுங்கள். 140-ஐத் தொட்டால் மறுபடி குளம்புக்கே போங்கள்.

லாயத்துக்காரர்
ஓய்வு நாள்ல தானியத் தீனியைக் குறைச்சிடுங்க, காய்ஞ்ச புல் மட்டும் தாராளமா. டாக்டர் நடத்தலாம்னு சொன்ன பிறகு கையில பிடிச்சு நடத்துங்க. அடுத்த லாடத்துக்கு நீங்களும் பக்கத்துல நில்லுங்க, எந்த ஆணியில காதைப் பின்னால மடக்குறான்னு பார்த்து அங்கேயே சொல்லிடலாம்.

குட்டிப்பாய்ச்சல்
என் குதிரையின் விட்டுப்போகும் துடிப்பைக் கேட்டேன். ஒழுங்காகத்தான் விடுபடுகிறது, வாளிச் சத்தம் கேட்டதும் காணாமல் போய்விட்டது. டாக்டருக்கு நன்றி. குளிர்கால ரோமத்துக்கு மின்முனை படும் இடத்தை மட்டும் மழித்துவிடலாமா?

நெடுஞ்சவாரி
கத்தரித்தால் போதும், மழிக்காதீர்கள். சேணத்துக்கு அடியில் மழித்த தோல் உராய்ந்து புண்ணாகும்.